பூட்டில்லாப் பாடநூல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நூலறிவு வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டுமே என்னும் கவலை அதில் ஒலிக்கிறது. ஆனால், நீலகிரி மலையிலுள்ள குன்னூரிலே, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், அறிஞர் சிலர் சுரைக்காயை ஏட்டில் ஏற்றி, அது கறிக்கும் உதவும்படி செய்து காட்டினர். சுரைக்காயை மட்டுமா? அரிசி, கேழ்வரகு, துவரை, முருங்கைக்கீரை முதலாக நாம் நாள்தோறும் உண்ணும் பொருள்கள் பலவற்றையும் ஆராய்ந்து, எதில் எச்சத்து எவ்வளவு உண்டு என்று அட்டவணைப்படுத்தினர். அந்த அட்டவணையின் வரலாறு, இன்று உலகெங்கும் பல்கலைக் கழகங்களில் பேசப்படும் ஒரு கருத்துக்கு நல்ல விளக்கமாக அமைகிறது. திறந்த கல்வி வளங்கள் என்பது அக்கருத்தின் பெயர். மாணவ நண்பர்களே, அவ்வளங்கள் யாவை, அவற்றை ஆக்குவது எப்படி, கல்லூரி வகுப்பிலே அவற்றைப் பயன்படுத்துவது எப்படி என்பவற்றைச் சிறிது சிந்திப்போம்.

குன்னூரிலே பாஸ்டர் நிலையம் 1907இல் நிறுவப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து காண்பது அதன் முதற் பணி. அந்நிலையத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். உணவிலே சத்துக் குறைவதால் வரும் நோய் அது. ஓர் அறையில் தொடங்கிய அந்த முயற்சி, பத்தாண்டுகளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1935இல் டாக்டர் அய்க்ராய்டு அதன் தலைமையை ஏற்றார். அவர் காலத்திலே, 1937ஆம் ஆண்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைக் கூறும் சிறு நூலொன்று, அரசின் சுகாதார வெளியீட்டு வரிசையில் 23ஆம் எண்ணாக வெளிவந்தது. நான் முன்னே குறிப்பிட்ட அட்டவணை அதுதான்.

அந்நூல் செய்த தொண்டு எத்தகையது? மேல்நாட்டுப் பாடநூல்கள் அந்தந்த நாட்டு மக்களின் உணவையே எடுத்துக்காட்டாகக் கொண்டன. அவற்றைக் கொண்டு நம் நாட்டு ஆசிரியர் ஒருவர் உணவியல் கற்பிக்கப் புகுந்தால், மாணவனின் வீட்டு அடுப்பில் கொதிக்கும் கேழ்வரகுக் களியைப் பற்றி என்ன சொல்வார்? குன்னூர் அட்டவணை அக்குறையைப் போக்கியது. மருத்துவக் கல்லூரியிலும், மனையியல் வகுப்பிலும், மருத்துவமனைச் சமையற் கட்டிலும் அது கைந்நூலாயிற்று. படிப்பவர் தம் வீட்டுச் சாப்பாட்டையே கணக்கிட்டுப் பார்க்கும் வழி பிறந்தது.

அதன் பின் நடந்ததுதான் நம் பேச்சுக்கு இன்றியமையாதது. அட்டவணை அச்சேறிய நிலையிலேயே உறைந்து போகவில்லை. புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்திலே பிறந்து, குன்னூரில் ஆராய்ச்சி தொடங்கிய டாக்டர் சி. கோபாலன், இராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் ஆகியோருடன் சேர்ந்து 1971இல் அதனை விரிவாகப் புதுக்கினார். 1989இல் வேறு அறிஞர் அதைத் திருத்தினர். 2017இல், நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து பொருள்களைத் திரட்டி, 528 உணவுகளைப் புதிதாகப் பகுத்தாராய்ந்து, இந்திய உணவுச்சத்து அட்டவணைகளை அந்நிறுவனம் வெளியிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று பழைய அட்டவணை கூறிற்று. புதியது 364 என்கிறது. அரிசியிலோ பத்து மில்லிகிராம்கூடத் தேறவில்லை. எண் மாறியதைக் கண்டு ஐயுற வேண்டா. பின்வந்தவர் முன்னவர் எழுதியதைத் திருத்தும் உரிமை பெற்றிருந்தனர் என்பதற்கு அந்த மாற்றமே சான்று. பாடநூலுக்கு உயிர் என்று ஒன்று உண்டானால், அது திருத்தப்படும் தகுதியிலேதான் இருக்கிறது.

ஆனால், இந்த உரிமை அந்நிறுவனத்தாருக்கு இருந்ததேயன்றிக் குன்னூரில் உள்ள ஒரு கல்லூரி ஆசிரியருக்கோ, மதுரையில் உள்ள ஒரு மாணவிக்கோ இருக்கவில்லை. நூலின் பதிப்புரிமை அதனை வெளியிட்டவரிடம் இருந்தது. முதற் பதிப்பு இன்று காலாவதியான உரிமையால் எல்லோர்க்கும் பொதுவாகிவிட்டது. நூல் வெளிவந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு இயல்பாக வரும் இந்த விடுதலையை, வெளிவரும் நாளிலேயே ஆசிரியர் தாமாக மனமுவந்து அளித்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே திறந்த கல்வி வளம்.

விலையின்றிக் கிடைக்கும் நூலெல்லாம் திறந்த நூல் என்று நினைத்துவிடலாகாது. நூல் நிலையத்தில் காசின்றிப் படிக்கலாம். ஆயினும் அதில் ஒரு வரியை மாற்றி அச்சிட உமக்கு உரிமை இல்லை. இணையத்திலே விலையின்றி விரியும் பக்கங்களிற் பெரும்பாலானவையும் அத்தகையனவே. திறந்த வளம் என்பதற்கு ஐந்து உரிமைகள் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியறிஞர் டேவிட் வைலி வகுத்துரைத்தார். படியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல், விரும்பியவாறு பயன்படுத்தல், தேவைக்கேற்ப மாற்றியமைத்தல், பிறிதொன்றோடு இணைத்தல், பிறர்க்கு வழங்கல் என்பன அவ்வைந்து. நூலாசிரியர் இவ்வுரிமைகளை எல்லோர்க்கும் வழங்குவதாக நூலின் முகப்பிலேயே எழுதி வைக்கிறார். அவ்வெழுத்தே உரிமம். அவர் பதிப்புரிமையை இழந்துவிடுவதில்லை. தம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது.

இவ்வுரிமங்களைப் பொதுவான சொற்களில் எழுதித் தரும் அமைப்பு கிரியேட்டிவ் காமன்ஸ். அதன் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. பெயரைக் குறிப்பிடுக என்பது அவற்றில் முதல் நிபந்தனை. மாற்றி வெளியிட்டால் அதையும் இவ்வாறே திறந்து வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது பிறிதொன்று. எதையும் மாற்றலாகாது என்னும் நிபந்தனையும் உண்டு. இக்கடைசி நிபந்தனை உள்ள நூலைப் பகிரலாமே தவிர, நம் வகுப்புக்கேற்பத் திருத்த முடியாது. ஆகவே அதைத் திறந்த கல்வி வளமாகக் கொள்வதில்லை.

இயக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோர்க்கும் வழங்கப் போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. கட்டணம் மிகுந்த ஒரு நிறுவனம் தன் பாடக் குறிப்புகளை வெளியே வைத்தது கண்டு பலரும் வியந்தனர். அடுத்த ஆண்டு, யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் திறந்த கல்வி வளங்கள் என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதுபற்றிய பரிந்துரை ஒன்றை ஏற்றது. ஆசிரியருக்குப் பயிற்சி, அரசின் கொள்கை, எல்லோர்க்கும் எட்டும் தரமான வளம், நிலைத்து நடக்கும் ஏற்பாடு, நாடுகளின் ஒத்துழைப்பு ஆகிய ஐந்தையும் அது வலியுறுத்துகிறது. நம் நாட்டிலே, ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. பொறியியல், அறிவியல் விரிவுரைகள் அதன்வழி எவர் வீட்டுக்கும் வருகின்றன. அவ்விரிவுரைகள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது.

தமிழர் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் பழைய இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினர். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் எவர்க்கும் வழங்கலாம் என்று ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதி வைத்தனர். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக் கழகம் தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது. அதன் மின்னூலகத்திலே ஆயிரக்கணக்கான நூல்களைப் படிக்கலாம். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் காக்கும் நூலகம் என்னும் திட்டம் 2005 முதல் நடைபெறுகிறது.

இந்த மூன்றாவது திட்டத்துக்கும் குன்னூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்ட பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் பலர் நீலகிரியிலே குடியேறினர். அவர்களுக்கு வேலையளிக்கும் நோக்கத்தோடு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தலைமையகம் குன்னூரில்தான் இருக்கிறது. அவர்களின் பேரனோ பேத்தியோ இன்று கல்லூரியிலே வரலாறு படிக்கக்கூடும். தம் பாட்டனார் வாழ்ந்த மலையகத்தைப் பற்றிய ஏடுகளை அவர் கடல் கடந்து தேடிச் செல்ல வேண்டியதில்லை; நூலகத் திட்டத்தின் தளத்திலே அவை இருக்கின்றன. தம் குடும்ப வரலாறே ஓர் ஆராய்ச்சிப் பொருள் என்று அந்த மாணவர் உணரும்போது, கல்வி அவருக்குச் சொந்தமாகிறது.

திறந்த வளத்தின் தேவை மலைநாட்டிலே மிகுதி என்பேன். காரணம் இரண்டு. முதலாவது, பொருள் நிலை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் மகள் கல்லூரிக்கு வருகிறாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவளே. வகுப்பிலே குறிக்கப்படும் ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் விலை, அத்தாயின் பல நாட் கூலியாக இருக்கும். ஆறு பாடங்களுக்கும் ஆறு நூல் வாங்குவது எங்ஙனம்? வாங்க இயலாதவள், ஆசிரியர் சொல்லும் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வை எழுதிவிட்டுப் போகிறாள். நூலோடு உரையாடும் பழக்கமே அவளுக்கு வாய்க்காமற் போகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. விலைக்கு வாங்கினாலும் அந்த நூலில் அவளுடைய மலை இல்லை. தேயிலைத் தொழிற்சாலையிலே இலையை வாட்டுவதும், சுருட்டுவதும், நொதிக்க விடுவதும், உலர்த்துவதும் அவள் சிறு வயது முதற் கண்டவை. தொழிற்சாலையில் நொதித்தல் என்று வழங்கும் அந்த நிலையிலே உண்மையில் நடப்பது, இலையிலுள்ள நொதிப்பொருள் ஒன்றின் துணையால் பாலிபீனால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதாகும். பச்சை இலை செம்பழுப்பாவதும், வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்த மாற்றங்கள். வேதியியல் நூல் ஆப்பிளோடு நின்றுவிடுகிறது. நூல் திறந்ததாயின், ஆசிரியர் அந்த இடத்திலே தேயிலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்துவிடலாம். அப்போது அந்த மாணவி வகுப்பிலே அயலாளாக இருக்க மாட்டாள். தான் அறிந்ததைச் சொல்லிப் பிறர்க்கு விளக்குபவளாவாள்.

இயற்பியலிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். சாய்தளத்தின்மீது ஒரு மரக்கட்டை வழுக்குவதாகக் கணக்குப் போடுவது எல்லா நூல்களிலும் உள்ள வழக்கம். குன்னூர் மாணவருக்குச் சாய்தளம் கண்ணெதிரே இருக்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்த மலை ரயிலின் பாதை, மிகச் செங்குத்தான இடத்தில் 12½ அடி சென்றால் 1 அடி உயர்கிறது. மழையில் நனைந்த இருப்புப்பாதையிலே வழுவழுப்பான சக்கரம் பற்றிக்கொள்ளப் போதிய உராய்வு கிடைப்பதில்லை. ஆகவே, கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி அமைத்தனர். சாய்வின் கோணம் என்ன, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை எடையில் எத்தனை பங்கு என்று கேட்டால், மாணவர் கணக்கைப் போட்டுவிட்டு நிலையத்துக்குச் சென்று பார்க்கவும் முடியும். இக்கணக்கை எழுதிய ஆசிரியர் அதைத் திறந்து வைத்தால், தூத்துக்குடி ஆசிரியர் ஒருவர் ரயிலை நீக்கிவிட்டுத் துறைமுகத்துச் சாய்பலகையை அவ்விடத்தில் வைப்பார். விதி ஒன்று, விளங்கும் வழி ஊருக்கு ஊர் வேறு.

இனி, ஆக்கும் முறையைக் காண்போம். முழு நூலை எழுத முற்படுவது வீண் மலைப்பு. ஒரு வகுப்பு நேரத்துக்குரிய சிறு பாடமே போதும். முதலில், அப்பொருள்பற்றி ஏற்கெனவே திறந்த வளம் உண்டா என்று தேட வேண்டும். இருந்தால் அதன் உரிமத்தைப் படிக்க வேண்டும். பின், நம் மாணவருக்குப் புரியாத இடங்களை மாற்றி, ஊருக்கு உகந்த எடுத்துக்காட்டையும் பயிற்சி வினாக்களையும் சேர்க்க வேண்டும். முதலில் எழுதியவர் பெயரையும், நாம் எதை மாற்றினோம் என்பதையும், மாற்றிய நாளையும் முகப்பிலே எழுத வேண்டும். அதே துறையைச் சேர்ந்த மற்றோர் ஆசிரியர் படித்துத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும்.

வெளியிடும் வடிவத்திலும் கருத்து வேண்டும். பக்கத்தைப் படமாக எடுத்து வைத்தால் உரிமம் திறந்திருந்தும் கோப்பு பூட்டியே இருக்கும். யாரும் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது. ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்ட காலத்தில் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகள், பிறர் கணினியில் விளங்காக் குறிகளாய்த் தோன்றியதை மூத்தோர் அறிவர். ஒருங்குறியிலே, திருத்தக்கூடிய கோப்பாக வைத்தால்தான் அது பிறர்க்குப் பயன்படும்.

பயன்படுத்துவதிலே மாணவருக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று கல்லூரிகளில் எழுதப்படும் ஒப்படைப்புகளின் கதி என்ன? அறுபது பேர் ஒரே தலைப்பில் எழுதுகின்றனர். ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். ஆண்டு முடிவில் அக்கட்டு பழைய தாள் கடைக்குப் போகிறது. இவ்வுழைப்பை வீணாக்காதிருக்க வழி உண்டு. நீலகிரியின் நிலச்சரிவைப் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையிலே மரப்பாலத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வெள்ளத்திலும் சரிவுகளிலும் மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நிகழ்ச்சிகளோடு ஆசிரியர் பாடத்தைத் தொடங்குகிறார். நீர் மண்ணில் இறங்கும்போது அதன் எடை கூடுவதும், மண் துகள்களைப் பிணைத்திருக்கும் வலிமை குறைவதும், வீட்டுக்கும் சாலைக்குமாக அடிவாரத்தை வெட்டினால் தாங்குதல் போய்விடுவதும் பாடத்தின் கரு.

ஒவ்வொரு மாணவரும் தம் ஊரிலே வெட்டப்பட்ட சரிவு எங்கே, வடிகால் அடைபட்டிருப்பது எங்கே, தடுப்புச் சுவரில் நீர்ப்போக்குத் துளை உண்டா என்று பார்த்து ஒரு பக்கம் எழுதுகின்றனர். ஆசிரியர் அவற்றைச் சரிபார்த்துப் பாடத்தோடு சேர்க்கிறார். அடுத்த ஆண்டு வருவோர் அதைப் படித்து, மாறியவற்றைத் திருத்துகின்றனர். சில ஆண்டுகளில் அப்பாடம் ஒரு மாவட்டத்தின் பாதுகாப்புக்குரிய ஏடாகவே வளர்ந்துவிடும். மதிப்பெண்ணுக்காக எழுதிய பக்கம் ஒரு வீட்டைக் காக்கவும் கூடும்.

இதற்கு எழும் தடைகளையும் மறைக்கலாகாது. மலையிலே மழைக்காலத்தில் மின்சாரம் நிற்கும். இணையம் எட்டாத தோட்டக் குடியிருப்புகளும் உண்டு. திறந்த வளமோ, ஒரு முறை இறக்கிக்கொண்டால் கையிலேயே இருக்கும். சிறு நினைவட்டையிலே பிரதி செய்து கொடுக்கலாம். அச்சிட்டு நூல் நிலையத்தில் வைக்கலாம். உரிமம் அதற்கு இடந்தருகிறது. தரம் குறையாதா என்பது அடுத்த ஐயம். குறையத்தான் கூடும். விலை கொடுத்து வாங்கும் நூலிலும் பிழை உண்டு. அங்கே அடுத்த பதிப்பு வரும்வரை அது நிற்கும், இங்கே கண்டவர் அன்றே திருத்தலாம். ஆனால், திருத்துவோர் யார் என்பது தெரிய வேண்டும். ஆதலின், எழுதியவர் யார், படித்துச் சரிபார்த்தவர் யார், எந்த நாளில் என்ற மூன்றும் இல்லாத பாடத்தை நம்பாதீர்கள்.

ஆசிரியரின் உழைப்புக்கு மதிப்பு என்ன என்பது மூன்றாவது வினா. நல்ல பாடம் ஒன்று எழுதப் பல இரவுகள் கண்விழிக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு அதற்கும் கிடைத்தாலன்றி, ஆர்வமுள்ள சிலரின் தியாகத்தோடு இவ்வியக்கம் நின்றுபோகும். பல்கலைக் கழகங்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

கோவையிலே நடந்த ஒரு முயற்சி நமக்குப் பாடமாக நிற்கிறது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு பட்ட வகுப்புத் தொடங்கியபோது, பாடநூல் இல்லை என்ற குறை எழுந்தது. கல்லூரி ஆசிரியர்களே அறிவியலும் பொருளியலும் வரலாறும் தமிழில் எழுதத் தொடங்கினர், கலைச்சொற்களை ஆக்கினர். அரசு அந்நூல்களை வெளியிட்டது. அரிய பணி அது! அவற்றுட் பல பின்னர் திருத்தமின்றியே நின்றுபோயின. இன்று மின்னுருவிலே அவற்றைக் காண்கிறோம். நடை தெளிவாயிருக்கிறது, செய்தி பழையதாயிருக்கிறது. அந்த ஆசிரியர்களின் மாணவரும் மாணவரின் மாணவரும் ஆண்டுதோறும் பத்துப் பக்கம் புதுக்கும் உரிமையும் வசதியும் அன்று இருந்திருப்பின், தமிழிலே இன்று எத்தகைய அறிவியல் நூல்கள் இருந்திருக்கும்! குன்னூர் அட்டவணைக்குப் பின்வந்தோர் இருந்தனர். அந்நூல்கள் பலவற்றுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர் அறிதல் நலம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலாசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை அவர் நூலுக்கு உரிமை நீடிக்கிறது. கற்பித்தலின் பொருட்டுப் படியெடுப்பதற்கு அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. டெல்லிப் பல்கலைக் கழக மாணவருக்குப் பாடப் பகுதிகளைப் படியெடுத்துக் கொடுத்ததை எதிர்த்துப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் இவ்விலக்கை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆயினும், வகுப்புக்குப் படியெடுப்பது வேறு. பிறர் நூலை மாற்றி உலகுக்கு வெளியிடுவது வேறு. பின்னதற்கு ஆசிரியரின் இசைவு வேண்டும். அந்த இசைவை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் திறந்த உரிமம். பாரதியாரின் பாடல்களுக்கான உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின் மக்களுக்குப் பொதுவாக்கிய தமிழ்நாட்டிலே, இக்கருத்து விளங்காமற் போகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நம்முடையதைத் திறந்து வைப்பது ஈகை. பிறருடையதை அவரைக் கேளாமல் திறந்து வைப்பது ஈகை ஆகாது. நீலகிரியிலே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். தோடரின் பூந்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கலையின் உரிமை அம்மக்களுடையது என்பதற்கு அது ஓர் அடையாளம். காட்டு மூலிகையைப் பற்றி முதியவர் ஒருவர் மாணவரிடம் சொல்லியதை, அவர் இசைவின்றி உலகுக்கு ஒப்புவிப்பது அறமன்று. எதைப் பகிரலாம், எதைத் தம்மிடையே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேட்டு, அவர்கள் பெயராலேயே வெளியிடுவதுதான் முறை.

மாணவ நண்பர்களே! நூல் என்பது எங்கோ இருக்கும் பெரியோர் எழுதுவது, நாம் படித்து ஒப்புவிப்பது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதை மாற்றுவதற்கு இது தக்க வாய்ப்பு. இனி ஒரு பாடநூலைத் திறக்கும்போது, முகப்பின் பின்புறத்தில் உள்ள உரிமக் குறிப்பைப் படியுங்கள். திருத்த இடந்தரும் நூலாயின், விளங்காத ஒரு வரியை விளங்கும்படி எழுதுங்கள். பிழையான ஓர் எண்ணைச் சான்றோடு மாற்றுங்கள். உங்கள் ஊரின் எடுத்துக்காட்டு ஒன்றைச் சேருங்கள். ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். குன்னூரின் ஓர் அறையிலே தொடங்கிய ஆராய்ச்சி, கேழ்வரகின் 344ஐ 364ஆகத் திருத்த எத்தனையோ கைகள் மாறி வந்திருக்கிறது. அடுத்த திருத்தத்தைச் செய்யும் கை உங்களுடையதாகவும் இருக்கலாம்.